லயத்துக்குள் வரும் மின்கலம்



மின்சார வண்டி தீப்பற்றி எரியும் காணொளியைப் பார்க்காதவர் இன்று ஊவா மாகாணத்தின் கொஸ்லந்தை முதல் பூனாகலை வரை அநேகமாக இல்லை. இருக்கைக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை சீறுகிறது. சுற்றி நின்றவர்கள் பின்வாங்குகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வெறும் இரும்புக் கூடாகிவிடுகிறது. அதைப் பார்த்தவர் மனதில் உடனே ஒரு தீர்ப்பு விழுந்துவிடுகிறது: கரண்ட் வண்டி ஆபத்து, அதை வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

அந்தத் தீர்ப்பைச் சொல்கிற வீட்டின் குசினிக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். விறகு அடுப்புக்கு மேலே பரணில் நாளைக்கு எரிக்க வேண்டிய விறகு காய்ந்துகொண்டிருக்கும். அதே குசினியின் மூலையில் கேஸ் சிலிண்டர். அதன் ரப்பர் குழாயை எப்போது மாற்றினார்கள் என்பது வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டின் காம்பராவில், அதாவது அறையில், ஒரே ஒரு பிளக் பொயின்ட். அதிலிருந்து இழுத்த வயரில் தொலைக்காட்சி, ரைஸ் குக்கர், மூன்று நான்கு கைத்தொலைபேசிச் சார்ஜர்கள். கூரைத் தகரம் ஒழுகுவதால் அதற்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கட்டியிருப்பார்கள். பெரும்பாலான காம்பராக்களுக்குப் போக வரப் பயன்படுவது ஒரே வாசல்தான். இந்தக் குசினியை யாரும் காணொளி எடுத்து அனுப்புவதில்லை. இது தினமும் இருப்பது, தினமும் இருப்பது எவருக்கும் செய்தியாவதில்லை.

இந்த இரண்டில் எது பெரிய ஆபத்து என்பதற்குக் கணக்கு உண்டு. சுவீடன் நாட்டின் சிவில் பாதுகாப்பு நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கான வாகனத் தீ விபத்துகளை எண்ணிப் பார்த்தது. அந்நாட்டில் ஓடிய சுமார் 6 இலட்சத்து 11 ஆயிரம் மின்சார, செருகு மின்னேற்றக் கலப்பு வாகனங்களில் அவ்வாண்டு தீப்பிடித்தவை 23. பெற்றோலிலும் டீசலிலும் ஓடிய சுமார் 44 இலட்சம் வாகனங்களில் தீப்பிடித்தவை ஏறத்தாழ 3,400. நூற்றுவீதத்தில் சொன்னால் ஒன்று 0.004 வீதம், மற்றது 0.08 வீதம். ஏறக்குறைய இருபது மடங்கு வேறுபாடு. அவுஸ்திரேலியாவில் மின்கலத் தீயை மட்டும் தொடர்ந்து பதிவுசெய்கிற ஈவி ஃபயர்சேஃப் என்ற அமைப்பு, 2010 முதல் 2023 நடுப்பகுதி வரை உலகம் முழுவதும் உறுதிசெய்த மின்சாரக் கார் மின்கலத் தீ விபத்துகள் நானூறைத் தொடவில்லை. அந்தக் காலத்துக்குள் கோடிக்கணக்கான மின்சாரக் கார்கள் வீதிக்கு வந்துவிட்டன.

இந்தக் கணக்கை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. மின்சார வாகனங்களில் பெரும்பாலானவை புதியவை. பெற்றோல் வாகனங்களில் இருபது, இருபத்தைந்து வருடம் ஓடித் தேய்ந்தவை நிறைய. பழைய வண்டி எதுவானாலும் தீப்பிடிக்கும் வாய்ப்பு கூடுதல். இன்றைய மின்சார வாகனங்களும் அந்த வயதை எட்டும்போது கணக்கு மாறலாம். ஆனாலும், மின்சாரக் கார் என்பது நகர்ந்து வரும் குண்டு என்ற பேச்சுக்கு இந்த எண்களில் இடமே இல்லை.

ஆனால் ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு இதைவிட முக்கியமான வேறொரு கணக்கு இருக்கிறது. அது நியூயோர்க் நகரக் கணக்கு. அங்கே வீட்டுக்கு வீடு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் மின்சார சைக்கிளில் ஓடுகிறார்கள். நெருக்கமான மாடிவீடுகளில் பலராகச் சேர்ந்து வாடகைக்கு இருப்பவர்கள் அவர்கள். இரவில் மின்கலத்தைக் கழற்றிக்கொண்டுபோய்க் கட்டில் அருகிலோ வாசல் நடையிலோ சார்ஜ் போடுகிறார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் அந்த நகரத்தில் இப்படிப்பட்ட லித்தியம் மின்கலங்களால் 268 தீ விபத்துகள் நடந்தன. 18 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நகரசபை, பரிசோதிக்கப்பட்டுத் தரச்சான்று பெறாத மின்சார சைக்கிளையும் மின்கலத்தையும் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது.

கார் வெளியே நிற்கிறது. சைக்கிளும் ஸ்கூட்டரும் வீட்டுக்குள் வருகின்றன. முழு விடயமும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தோட்டத்துக்கு மின்சார வாகனம் விலையுயர்ந்த காராக வரப்போவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கப்பட்ட பிறகு கொழும்பு வீதிகளில் மின்சாரக் கார்கள் சட்டென்று பெருகின. ஆனால் மலைக்கு வருவது ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், மாற்றியமைக்கப்பட்ட முச்சக்கர வண்டி. கொழும்பில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வரும் பிள்ளை தவணைக்கு வாங்கிக்கொண்டு வருவான். பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த 2022ஆம் ஆண்டை மறக்காத குடும்பம் அதை விரும்பியே வாங்கும். வாங்குவது நியாயமும்கூட. ஆனால் அந்த ஸ்கூட்டர் இரவில் எங்கே நிற்கும்? மழைக்கும் களவுக்கும் பயந்து இஸ்தோப்பில் நிற்கும். இஸ்தோப்பு என்பது வாசல்.

தமிழ்நாட்டின் வேலூரில் 2022 மார்ச் மாதம் நடந்தது இதுதான். வாங்கிச் சில நாட்களே ஆன மின்சார ஸ்கூட்டரை இரவு சார்ஜ் போட்டுவிட்டு ஒரு தந்தையும் பதின்மூன்று வயது மகளும் உறங்கினார்கள். நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. இருவரையும் கொன்றது புகை. பழைய வீட்டு மின்னிணைப்பில் கோளாறா, வண்டியின் மின்கலத்தில் கோளாறா என்ற விவாதம் பிறகு நீண்டது. அந்த வசந்த காலத்தில் பூனேயிலும் நாசிக்கிலும்கூட ஸ்கூட்டர்கள் எரிந்தன. இந்திய அரசு நிபுணர்களைக் கொண்டு ஆராய வைத்தது. செல்களிலும், செல்களைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பிலும் குறைபாடுகள் வெளிப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பர் முதல் மின்கலத்துக்கான தரவிதி கடுமையாக்கப்பட்டது. வண்டியைச் செய்தவர்கள் பொறுப்பேற்க வேண்டிய பகுதி அது. வீட்டுக்கு ஒரே வாசல் இருந்தால் அந்த வாசலில் எதை வைப்பது என்பது இன்னொரு பகுதி. தரவிதி எவ்வளவு கடுமையானாலும் அது இந்த இரண்டாவது பகுதியைத் தொடாது.

மின்கலம் எரிவது எப்படி என்று தெரிந்துகொண்டால் வாசல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் விளங்கும். ஒரு ஸ்கூட்டர் மின்கலத்துக்குள் விரலளவு செல்கள் டசின் கணக்கில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது மிக மெல்லிய பிளாஸ்டிக் தாள். அடிபட்டோ, உற்பத்திக் குறையாலோ, அளவு மீறிய மின்னேற்றத்தாலோ ஒரு செல் சூடேறினால், 130 பாகை செல்சியஸை ஒட்டி அந்தத் தாள் உருகத் தொடங்கும். முனைகள் தொட்டுக்கொள்ளும். பிறந்த வெப்பம் மேலும் வேதிவினையைத் தூண்டும், அந்த வினை மேலும் வெப்பத்தைத் தரும். பக்கத்துச் செல்லும் சூடேறும். சிலவகை மின்கலங்கள் எரியும்போது தமக்குள்ளிருந்தே ஒட்சிசனை வெளியிடுகின்றன. அதனால் ஈரச் சாக்கைப் போட்டு மூடி அணைப்பது என்ற நம்முடைய பழைய பழக்கம் இங்கே உதவாது. ஏராளமான தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது ஒன்றே வழி. அணைந்ததாகத் தோன்றிய பிறகும், மணிக்கணக்குக்குப் பின் மறுபடி பற்றக்கூடும். வெளிவரும் வெண்புகையில் ஐதரசன், காபன் மோனொக்சைட்டு, நுரையீரலை அரிக்கும் ஐதரசன் புளோரைட்டு எல்லாம் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவுக்குள் இந்தப் புகை நிறைய அதிக நேரம் தேவையில்லை.

எல்லா மின்கலங்களும் ஒரே குணம் கொண்டவையும் அல்ல. லித்தியம் இரும்பு பொசுபேற்று வகை சூட்டை அதிகம் தாங்கும், பற்றினாலும் குறைவாகவே கொதிக்கும். நிக்கல், மங்கனீசு, கோபால்ற்று கலந்த வகை எடை குறைந்தது, தூரம் கூட ஓடும், ஆனால் கோபம் கூடியது. கடையில் வண்டி வாங்குகிறவர் நிறத்தையும் வேகத்தையும் கேட்கிறார். மின்கலம் எந்த வகை என்று கேட்பவர் அரிது. அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அது.

தீ எவ்வளவு பரவும் என்பது மின்கலத்தை மட்டும் பொறுத்ததல்ல. 2024 ஓகஸ்ட் 1ஆம் திகதி தென்கொரியாவின் இஞ்சொன் நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடித் தரிப்பிடத்தில் நின்றிருந்த ஒரு மின்சாரக் கார் தானாகத் தீப்பிடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட கார்கள் சேதமாயின, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கொரியா முழுவதும் மின்சாரக் கார் மீது பயம் பரவியது. விசாரணையில் தெரியவந்த ஒரு விபரம் அந்தப் பயத்தைவிடப் பெரியது: கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு அங்கே இருந்தது, அபாயமணி அடித்தவுடன் பணியாளர் ஒருவர் அதை நிறுத்திவிட்டார். தீயை மூட்டியது மின்கலம். அதைப் பேரழிவாக்கியது கட்டடத்தின் பாதுகாப்பில் விழுந்த ஓட்டை. செய்யாத குற்றத்துக்கும் மின்சாரக் கார் பழி சுமந்ததுண்டு. 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையத் தரிப்பிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்களோடு எரிந்து சரிந்தபோது, மின்சாரக் கார்தான் காரணம் என்று அன்றிரவே ஊர் முழுக்கப் பேசினார்கள். தீ தொடங்கியது ஒரு டீசல் காரில்.

இனி வீட்டுத் தீக்கு வருவோம். தீக்காயங்களால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பெரும்பாலானோர் நம்மைப் போன்ற நாடுகளின் மக்கள். பெண்களும் பிள்ளைகளும் தீக்காயப்படுவது பெரும்பாலும் வீட்டுக்குள், குசினியில். இந்த எண்ணுக்குப் பக்கத்தில் மின்சார வாகனத் தீயின் எண்ணை வைத்தால் அது கண்ணுக்கே தெரியாது.

இலங்கைக்குச் சமையலறைத் தீயின் பாடம் 2021இன் கடைசி இரண்டு மாதங்களில் கிடைத்தது. ஒரு வீட்டில் அடுப்பு வெடித்தது, மறுநாள் வேறொரு ஊரில் சிலிண்டர் இணைப்பு வெடித்தது. சில வாரங்களுக்குள் சம்பவங்கள் நூற்றுக்கணக்கில் ஏறின, உயிர்களும் போயின. பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்தபோது, வாயுக் கலவையில் செய்த மாற்றமே முக்கிய காரணமாக வெளிவந்தது. வழக்கமாக பியூட்டேன் மிகுதியாகவும் புரொப்பேன் குறைவாகவும் இருந்த சிலிண்டரில் புரொப்பேன் பங்கு கூட்டப்பட்டிருந்தது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பழைய ரெகுலேட்டரும் வெடித்துப்போன ரப்பர் குழாயும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. சமைத்துக்கொண்டிருந்த தாய் எந்தத் தவறும் செய்யவில்லை. மாற்றம் அவளுக்குச் சொல்லப்படாமலே அவளுடைய குசினிக்குள் வந்து சேர்ந்தது.

லயத்துக் குசினியில் கேஸ் கசிந்தால் நிலைமை இன்னும் மோசம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போய்ச் சன்னல் வழியாக வெளியேறாது, தரையில் படிந்து தாழ்வான பக்கம் தண்ணீர்போல் நகரும். அந்தத் தாழ்வான பக்கத்தில் விறகு அடுப்பின் கங்கு அணையாமல் கிடக்கும். கேஸும் விறகும் ஒரே குசினியில் இருப்பது தோட்டத்துக்கே உரிய ஆபத்து. நகரத்து வீட்டுக்கு அச்சடித்துக் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், முதலில் அடுப்புக் கங்கின்மேல் தண்ணீர் ஊற்றுவதா, சிலிண்டரை மூடுவதா என்று ஒரு பெண் கேட்டால் பதில் சொல்ல யாராவது வேண்டும். வாடை இலேசாக இருந்து, சிலிண்டர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் சிலிண்டர் வால்வு, பிறகு கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே. கனத்த வாடை என்றால் எதையும் தொடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பக்கத்துக் காம்பராக்களையும் தட்டி எழுப்ப வேண்டும்.

மின்சாரத்துக்கு வந்தால், ஒரு பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இன்றே வீட்டுக்குப் போனதும் தினமும் பயன்படுத்தும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். பித்தளைக் கால்களில் ஒன்று மட்டும் நிறம் மாறிக் கறுத்திருக்கும். அந்தக் காலைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி இலேசாகச் சுருங்கியிருக்கும். சுவரில் உள்ள துவாரத்திலும் அதே பழுப்பு வளையம். சில வீடுகளில் கருவாட்டு வாடை போல ஒன்று வரும், பூனை எதையோ கொண்டுவந்து போட்டதென்று தேடுவார்கள். சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை அது. உள்ளே பிடி தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடத்தில் மின்சாரம் இறுகிப் பாய்கிறது, அங்கே வெப்பம் பிறக்கிறது. கேத்தலில் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் கொதித்துவிடும், அதற்குள் சூடேறும் பிளக் மறுபடி ஆறிவிடும். ஸ்கூட்டர் சார்ஜர் கேத்தலைவிடக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கிறது, ஆனால் நாலைந்து மணித்தியாலம் இடைவிடாமல் இழுக்கிறது. ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதுவும் எல்லோரும் உறங்கும் நேரம்.

ஆகவே மின்சார வண்டியின் தீ என்று செய்தியில் வருவதில் ஒரு பகுதி உண்மையில் சுவரின் தீ. வண்டி வருவதற்கு முன்பே அந்தச் சுவர் தயாராக இருந்தது. இலங்கையில் உருண்டைக் காலும் சதுரக் காலுமாகக் கலந்து கிடந்த பிளக்குகளுக்குப் பதிலாக 13 அம்பியர் சதுரக் கால் வகையே தரம் என்று 2017இல் அறிவித்தார்கள். தோட்டத்தில் இன்னும் எல்லா வகையும் இருக்கின்றன, பொருந்தாத ஒன்றை மற்றொன்றுக்குள் அழுத்திச் செருகுகிற பழக்கமும் இருக்கிறது. ஒரு மீற்றரிலிருந்து அடுத்த காம்பராவுக்கு வயர் இழுத்திருக்கும் லயங்களும் உண்டு. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்ட வீடுகளும் உண்டு. விழுகிற ட்ரிப் சுவிட்ச் அந்த வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறதென்று உரக்கச் சொல்கிறது.

இதற்கெல்லாம் மேலே கூரை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயங்கள் பலவற்றில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எழும்புவதில்லை. தகரத்துக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வெளி. ஒரு காம்பராவில் பற்றிய தீ அந்த வெளியில் ஏறிவிட்டால் பத்துக் குடும்பமோ இருபது குடும்பமோ ஒரே நேரத்தில் வீதிக்கு வரும். ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கங்களில் ஆண்டு தவறாமல் வருகிற லயன் தீ விபத்துச் செய்திகளில் வரிசையாக வீடுகள் போனதாகவே இருக்கும், ஒரு வீட்டோடு நின்றது அரிது. பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளையின் பள்ளிப் புத்தகம் எல்லாம் அந்தத் தகரத்துக்கு அடியிலேயே சாம்பலாகும். தீயணைப்புச் சேவை இந்த நாட்டில் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. பதுளையிலிருந்து வண்டி புறப்பட்டாலும் கொஸ்லந்தை மீரியபெத்தப் பக்கம் வந்துசேர ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் மலைப்பாதை ஏறி இறங்க வேண்டும்.

மீரியபெத்தவின் பெயரை இங்கே உச்சரிக்கும்போது எவருக்கும் 2014 ஒக்டோபர் 29 காலை நினைவுக்கு வராமல் போகாது. ஏழரை மணியளவில் மண்சரிவில் மலை இறங்கிவந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர்பிழைத்தார்கள், சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் மறுபடி 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையைக் காட்டி, "சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று பேசியவர்களும் உண்டு. எங்கே போவது என்பதற்கு எச்சரிக்கைக் கடிதத்தில் பதில் இல்லை. காணியும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தமாக இருக்கும்போது தொழிலாளி தானாக இடம்பெயர முடியாது. உயிர்பிழைத்தவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இரண்டு வருடம் அகதிகளாக இருந்த பிறகே, 2016 ஒக்டோபரில் பூனாகலைப் பக்கம் 75 தனி வீடுகள் கையளிக்கப்பட்டன.

தீப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதும் அதே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. "வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள்" என்பது சரியான அறிவுரை. வெளியே சார்ஜ் போட ஒரு பொயின்ட்டும், அதன்மேல் ஒரு தகரமும், களவு போகாமல் பூட்ட ஒரு கம்பியும் இல்லாத லயத்தில் அந்த அறிவுரைக்குப் பொருள் இல்லை. "வயரை மாற்றுங்கள்" என்று தோட்டத்துக்குச் சொந்தமான சுவரில் வாழ்பவரிடம் சொல்வதும் அப்படித்தான். ஆபத்தை அறிவித்துவிட்டு வழியைக் கொடுக்காமல் போவது, பொறுப்பை ஆபத்தில் இருப்பவர் தலையிலேயே இறக்கிவைப்பது.

வழியைக் கொடுத்த ஒருவரையும் இந்த நாடு கண்டிருக்கிறது. அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி லாம்பு சரிந்து தீக்காயப்பட்டு வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தவர். மருந்துப் போத்தலில் திரியைச் செருகி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திய அந்த விளக்கு, கை பட்டால் விழும், விழுந்தால் உருளும், உருண்டால் எண்ணெய் சிந்தும், சிந்திய எண்ணெய் பற்றும். "கவனமாக இருங்கள்" என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. 1992இல் "சுதீப" என்ற விளக்கை வடிவமைத்தார். குட்டையானது, கனத்த கண்ணாடி, எளிதில் சரியாது. இரண்டு பக்கம் தட்டையானது, சரிந்தாலும் உருளாது. திருகுமூடி இருப்பதால் எண்ணெய் சிந்தாது. சில ரூபாய்க்கு இலட்சக்கணக்கில் மக்கள் கையில் போய்ச் சேர்ந்த அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் விளக்கு எரியத்தான் செய்யும், எரியட்டும், விழுந்தாலும் உயிரைக் கொல்லாமல் இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். மின்கலத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் வேண்டியது இதுதான்: லயத்தின் தலைமாட்டில், குடியிருப்பிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, மூன்று பக்கம் திறந்த தகரக் கொட்டகை ஒன்று. தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், உறுதியான 13 அம்பியர் பொயின்ட்டுகள் நாலைந்து. பக்கத்தில் பீலித் தண்ணீரை இழுக்கும் குழாய். இதற்கு ஆகும் செலவு எரிந்துபோன ஒரு லயத்தைத் திருத்துவதற்கு ஆகும் செலவின் சிறு துண்டு. அந்தத் தண்ணீர்க் குழாய் மின்கலத்துக்கு மட்டும் உரியதல்ல, குசினியில் பற்றினாலும் முதலில் ஓடிவருவது அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மண்சரிவிலும் மூழ்கிய வண்டியை அப்படியே சார்ஜ் போடாமல் தள்ளி நிறுத்தவும் அந்தக் கொட்டகை உதவும். 2022இல் இயன் சூறாவளிக்குப் பிறகு அமெரிக்காவின் புளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. நம்முடைய மலையில் உப்புநீர் இல்லை, ஆனால் நீர் புகுந்த மின்கலத்தை நம்ப முடியாது.

புகைமணி பற்றியும் கேட்கிறார்கள். வேலை செய்யும் புகைமணி உள்ள வீடுகளில் தீ விபத்து நடந்தால் இறப்பு ஏறத்தாழ அறுபது வீதம் குறைவு என்று அமெரிக்கப் புள்ளிவிபரம் சொல்கிறது. விறகுப் புகை நிறைந்த குசினியில் அதை மாட்டினால் காலையில் ரொட்டி சுடத் தொடங்கியவுடன் அலறும், மாலைக்குள் கழற்றி எறிந்துவிடுவார்கள். குசினிக்கு வெப்பத்தை உணரும் மணி, படுக்கும் காம்பராவுக்குப் புகையை உணரும் மணி என்பதே பொருத்தம். காயம் பட்ட பிறகு செய்வதிலும் ஒரு திருத்தம் வேண்டும்: தீக்காயத்துக்குப் பற்பசையும் முட்டையும் தேனும் பூசுவதை இன்றோடு விட வேண்டும். இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீர். பீலிக்கரைக்கு அருகே வாழும் மக்களுக்கு இந்த மருந்து வாசலிலேயே கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் பூச்சுப் பூசிய காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பது மனதை வருத்துகிறது.

வண்டி வாங்கியவர் இன்றிரவே செய்யக்கூடியதும் உண்டு. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது. நீட்டிப்பு வயரில் போடக் கூடாது. உறங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும், மாலை ஆறு மணிக்குப் போட்டால் பதினொரு மணிக்குள் நிறைந்துவிடும். விழுந்து அடிபட்ட மின்கலம், வீங்கிய மின்கலம், தொடும்போது வழக்கத்தைவிடச் சுடுகிற மின்கலம் வீட்டு வாசலுக்கு வரவே கூடாது. வெண்புகை சீறத் தொடங்கினால் வண்டியைக் காப்பாற்றப் போகாமல் பிள்ளைகளோடு வெளியேற வேண்டும், புகைக்கு அடியில் குனிந்து.

கொட்டகையை யார் கட்டுவது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. வாக்குப் போடும் உரிமை இருந்தும் சபையின் வீதியும் விளக்கும் லயத்து வாசல்வரை வராததற்கு அது ஒரு காரணம். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, குடியிருப்புகளுக்கு வேண்டிய பொது வசதிகளை ஹல்துமுல்லைப் பிரதேச சபை இப்போது செய்யலாம். மின்னேற்றக் கொட்டகையும், லயங்களின் மின்னிணைப்புப் பரிசோதனையும், பிரிசுவரைக் கூரைவரை எழுப்புவதும், கொஸ்லந்தையில் நிறுத்திவைக்கக்கூடிய ஒரு சிறிய தண்ணீர்ப் பவுசரும் இந்த வசதிகளுக்குள் அடங்கக்கூடியவை. சபையின் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேற வேண்டும். எந்த லயத்தில் எத்தனை காம்பரா, எத்தனை மீற்றர், எத்தனை வாசல், எத்தனை வண்டி என்ற விபரத்தை ஒவ்வொரு பிரிவிலும் இளைஞர்கள் எழுதியெடுத்து, மாதர் சங்கங்களின் கையொப்பத்தோடு அதற்கு முன் சபைச் செயலாளரிடமும் தோட்ட முகாமையாளரிடமும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.